நீ சொன்ன ஜெலு

கோமிர்சாய்
பிப்ரவரி கடைசி வாரம்

என் ஒட்டகக்குட்டி ஐகானிமுக்கு,

உடம்பும் மனசும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாயா கண்ணே, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கூட்டம் கூட்டம் என்று காபியைக் குடித்தே வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாயா. நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதப் போனால் பேனா கூசுகிறது, அதனால் நானும் உன் அப்பாவும் உன் தம்பி மனைவி ஷோல்பானும் அவள் குழந்தையும் உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். அனல் நிலையத்து வெந்நீர் ஓடுகிற சுவரோரக் குழாயில் பாதிச் சூடுதான் வருகிறது, கையை வைத்தால் செத்த ஆட்டின் வயிற்றைத் தொடுவதுபோல் இருக்கிறது. நாலு பேரும் சமையலறையிலேயே படுக்கிறோம், ஜன்னலுக்கு உன் பழைய பள்ளிக்கூடக் கோட்டை வைத்து அடைத்திருக்கிறேன். அப்பாவுக்கு அதே சுரங்கத்து இருமல், கேட்டால் இது இருமல் இல்லை தொண்டையைச் சரிசெய்கிறேன் என்கிறார், முப்பது வருஷமாகச் சரிசெய்துகொண்டே இருக்கிறார். ஃபோனில் பேசலாமே எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். ஃபோனில் நீ நடுவில் பேசிவிடுகிறாய், நான் அழுதுவிடுகிறேன், இரண்டிலும் விஷயம் போய்ச் சேர்வதில்லை. எதிர்வீட்டு லிடியாவின் மகள் இர்மா நீ இருக்கிற வெளிநாட்டு ஊர்ப் பக்கம்தான் போகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே குர்த், நம் காய்ந்த தயிர்க்கட்டி, ஒரு பொட்டலம் இருக்கும். குதிரைக்கறியும் வைத்தேன், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று வாங்க மறுத்துவிட்டாள்.

விஷயம் உன் தம்பி எர்தோஸ் பற்றியது. மார்ச்சில் நவ்ரிஸ் பண்டிகை முடிந்த பிறகு அவனுடைய வழக்கு விசாரணைக்கு வருகிறது. போன மாதம் குழாய் வெடித்த அன்றைக்கு அனல் நிலையத்தில் அவன்தான் ஷிப்ட் தலைவன், மேலிடத்தைக் கேட்காமல் பாய்லரை நிறுத்தினான், அதனால்தான் ஊர் உறைந்தது, ஒரு உயிர் போனது என்று அவன் தலையில் கட்டுகிறார்கள். கட்டினது கட்டினபடி நின்றுவிட்டால் வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டியதுதான் என்று வக்கீல் சொல்கிறார். பழுதுபார்க்கப் பணம் தராமல் நிறுத்தியது யார், ஏன் என்று அமைச்சகத்திலிருந்து ஒருவர் வந்து சொன்னால் வழக்கு வேறு மாதிரி போகுமாம். அந்த ஒருவர் நீ, நாட்டின் பேரில் காலநிலைப் பேச்சு வார்த்தைக்குப் போகிறவள். வர முடியாது என்று ஃபோனில் சொல்லிவிட்டாய். அதற்காக உன்னைத் திட்ட இந்தக் கடிதத்தை எழுதவில்லை, திட்டுவதாக இருந்தால் ஃபோனே போதும். நடந்ததை முழுதாக நீ கேட்டதில்லை, அதை எழுதுகிறேன்.

நிலையத்தைப் பற்றி உனக்குத் தெரியும். எர்தோஸ் ஒவ்வொரு கோடையிலும் எழுதிக் கேட்பான், பாய்லர் குழாயெல்லாம் நகம் பட்டால் கிழியும் அளவுக்கு மெலிந்துவிட்டது, மாற்றுங்கள் என்று. மேலிருந்து வருவது ஒரே பதில், மூடப்போகும் நிலையத்துக்குச் செலவு செய்ய முடியாது. எப்போது மூடுவீர்கள், மூடினால் ஊருக்குச் சூடு எங்கிருந்து வரும் என்று கேட்டால் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. வெளிநாட்டு வங்கிக்காரனிடம் போனால் நிலக்கரி என்றாலே கதவைச் சாத்துகிறான். சரி, ஊர்க்காரர்களிடமே வாங்கலாம் என்றால், கட்டணத்தை ஏற்றினால் ஜனம் தெருவுக்கு வந்துவிடும் என்று அரசாங்கத்துக்கு உள்ளூரப் பயம். வெளிநாட்டில் போய் மூடுகிறோம் என்கிறோம், உள்ளே வந்து ஓட்டுங்கள் என்கிறோம், இரண்டுக்கும் நடுவில் என் பிள்ளை வெல்டிங் குச்சியோடு நிற்கிறான். இத்தனைக்கும் நம் சுரங்கத்திலிருந்து ரயில் ரயிலாக எல்லை தாண்டிப் போவது நிற்கவில்லை, அங்கே போய் எரிந்தால் அது நம் புகை இல்லை என்று நீதான் ஒரு தடவை சொன்னாய், நான் சிரித்துவிட்டேன், நீ கோபித்துக்கொண்டாய். குன்றின் மேல் காற்றாலைகள் வந்திருக்கின்றன, பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் அந்த மின்சாரம் நம் தலைக்கு மேலே கம்பியில் போய் உலோக ஆலைக்குப் போகிறது. சுத்தமான மின்சாரத்தில் உருக்கியது என்றால்தான் உங்கள் ஐரோப்பாக்காரன் எல்லையில் கூடுதல் வரி போடாமல் வாங்குவானாம். அவனுக்குச் சுத்தம், நமக்குக் கரிப்புகை படிந்த கறுப்புப் பனி.

இதைப் படித்ததும் அம்மா நிலக்கரிக்காரர்களோடு சேர்ந்துவிட்டாள் என்று நினைக்காதே. சின்ன வயதில் வெள்ளைப் பனியை வரையச் சொன்னால் நீ சாம்பல் நிறப் பென்சிலை எடுப்பாய், நான் மறக்கவில்லை. போன வசந்தத்தில் பனி ஒரே வாரத்தில் உருகி வெள்ளம் வந்து கீழ்த்தெருவை அள்ளிக்கொண்டு போனது, அதற்கு முந்தின வருஷம் புல்லே முளைக்காமல் ஆடுகள் மண்ணை நக்கின. காலம் கெட்டுவிட்டது என்பதற்கு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நூற்றைம்பது வருஷம் எரித்து வயிறு நிறைந்தவர்கள், இப்போதுதான் தட்டை எடுத்தவனைப் பார்த்துப் போதும் என்று சொல்கிறார்கள் என்று நீ சொல்வாயே, அது ரொம்பச் சரி. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, சரியான விஷயங்கள் எல்லாம் கூடி நம் ஊரில் வந்து இப்படி முடிந்ததுதான் எனக்குப் புரியவில்லை.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். போன செப்டம்பரில் நீ தொலைக்காட்சியில் பேசினாய். நீல மேலாடை, அதில் என் வெள்ளி ஊசி குத்தியிருந்தாய், ஊரே பார்த்தது. ரஷ்ய மொழியில் பேசாமல் நம் கஸாக் மொழியிலேயே பேசினாய், எனக்கு மார்பு விம்மியது. உலகம் நமக்கு ஜெலு தரக் கடமைப்பட்டிருக்கிறது, இந்த வருஷமே அதைப் பெற்றுத் தருவோம் என்றாய். வீடு எரிந்தவனுக்கும் மந்தை செத்தவனுக்கும் ஊர் கூடிக் கொடுப்பது ஜெலு, அந்த அர்த்தத்தில்தான் நீ சொன்னாய், அழகாகத்தான் சொன்னாய். ஆனால் கண்ணே, குழாயில் வருகிற சூட்டுக்கும் ஜெலு என்றுதானே பெயர். இந்த ஊரில் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஆண், பெண், குழந்தை எல்லோரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்த வார்த்தையைச் சொல்வது குழாயைத் தொட்டுப் பார்த்துத்தான். போதாததற்கு அந்தக் கோடையில்தான் எரிவாயுக் குழாய் என்று சொல்லித் தெருவில் பள்ளம் வெட்டி, சிவப்புக் கொடி நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நீ சொன்னதையும் பள்ளத்தையும் சேர்த்துப் பார்த்து ஊர் முடிவு கட்டிவிட்டது, இந்த வருஷம் புதுச் சூடு வருகிறது, ஐகானிம் கொண்டுவருகிறாள். கடையில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் சொன்னது அது இல்லை என்று நான் நாலு பேரிடம் சொன்னேன், உங்களுக்கு அடக்கம் என்று சிரித்தார்கள்.

பள்ளம் வந்து நின்றது தோலெகென் வீட்டு வாசலில். கரி ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், நீ பள்ளிக்கூடம் போகும்போது உன் பையைத் தூக்கி எஞ்சினில் வைத்துக்கொண்டு வம்பு பண்ணுவாரே, அவர்தான். அந்த வரிசை வீடுகளில் குழாய்ச் சூடு போனாலும் இருக்கட்டும் என்று முன்னறையில் ஆளுக்கொரு இரும்படுப்பு வைத்திருந்தார்கள். அவர் தன் அடுப்பை மேய்ச்சல்காரர்களுக்கு விற்றார். சாம்பல் அள்ளி முதுகு ஒடிந்தது போதும், அந்த இடத்தில் என் வீட்டுக்காரி பிபிசாராவுக்கு ஒரு சாய்வு நாற்காலி போடப்போகிறேன் என்றார். எர்தோஸ் நேரிலேயே போய்ச் சொன்னான், மாமா விற்காதீர்கள், புது பாய்லரும் வரவில்லை ஒன்றும் வரவில்லை, பழையது இந்தக் குளிரைத் தாண்டுமா என்பதே சந்தேகம் என்று. வண்டியில் அடுப்பை ஏற்றிக்கொண்டே அவர் சொன்னாராம், "உங்க அக்கா டிவில சொல்லிட்டா. நீ கரிக்காரன், உன் பொழப்பு போயிடும்னு பயந்து பேசற. போடா, போயி உன் பாய்லரக் கட்டிக்கிட்டு அழு." இவன் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான், அப்போது எங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஜனவரியில் அந்தக் கடுங்குளிர் இறங்கியது, துப்பினால் தரையில் விழும் முன் கட்டியாகும் குளிர். நட்டநடுப் பகலில் நிலையத்தில் பாய்லர் குழாய் வெடித்தது. கொதிநீராவி அறைக்குள் அடிக்கிறது, உள்ளே மூன்று ஆட்கள். மேலிடத்துக்கு ஃபோன் போட்டு, அவர்கள் தலைநகருக்குப் போட்டு, பதில் வரும்வரை காத்திருந்தால் மூன்று பேரும் வெந்திருப்பார்கள். எர்தோஸ் நிறுத்தினான். ஆட்களை இழுத்து வெளியே போட்டான், இவன் இடது கையில் தோல் உரிந்துவிட்டது. இருட்டுவதற்குள் ஊர்க் குழாய்களில் நீர் உறைந்து ஒவ்வொரு வீட்டிலும் வெடிக்கிற சத்தம் கேட்டது, சுவருக்குள் யாரோ எலும்பை ஒடிப்பதுபோல் இருந்தது. எல்லோரும் மின்சார ஹீட்டரைப் போட்டார்கள், மின்சாரமும் போனது. மறுநாள் காலை பிபிசாரா நம் வீட்டுக்கு வெந்நீர் வாங்க வந்தாள், எங்களிடம் கேஸ் சிலிண்டர் இருந்ததால். உட்கார்ந்து ஒரு வாய் பால்டீ குடித்துவிட்டுப் போ என்று சொன்னேன். குடித்தாள், இன்னொரு கிண்ணம் ஊற்றினேன். அவள் இல்லாத அந்த நேரத்தில் தோலெகென் அவளுக்கு வீட்டைச் சூடு பண்ணி வைக்கலாம் என்று ஒரு இரும்பு வாளியில் கரியைப் போட்டுக் கொளுத்தி, காற்று நுழையக் கூடாது என்று கதவிடுக்கில் துணியும் அடைத்து உட்கார்ந்திருக்கிறார். வாழ்நாள் முழுக்கக் கரியோடு இருந்த மனிதர், அந்தப் புகை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா, குளிர் அறிவைத் தின்றுவிட்டது. நாங்கள் போய்க் கதவை உடைத்தபோது முகம் சிவந்து தூங்குகிறவர் மாதிரி இருந்தார், அறை நல்ல கதகதப்பாக இருந்தது. ஐயோ ஐகானிம், அந்த வெதுவெதுப்பு உள்ளே நுழைந்ததும் என் உடம்புக்கு இதமாக இருந்தது, அதை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பிறகு ஊர் ஜெலு சேர்த்தது, நீ சொன்ன அர்த்தத்து ஜெலு. யாரும் யாரையும் கேட்கவில்லை. லிடியா மெத்தை கொடுத்தாள், கீழ்த்தெருவில் வெள்ளத்தில் எல்லாம் போனவர்கள்கூட மாவு கொண்டுவந்தார்கள், யாரோ ஒரு இரும்படுப்பே கொண்டுவந்து இறக்கினார்கள். எல்லாம் பிபிசாரா வீட்டுக்கு. அடுத்த வாரம் எர்தோஸைப் போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள், சம்பளம் நின்றது, ஷோல்பானுக்குப் பால் வற்றிவிட்டது. ஊரில் பாதிப் பேர் எங்களைக் கண்டால் மறுபக்கம் நடந்தார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. அப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் பிபிசாரா, பனிச்சறுக்கு வண்டியில் ஒரு மூட்டை கரி, அரை ஆடு, குழந்தைக்கு ஒரு போர்வை. "ஜெலு கொண்டாந்திருக்கேன் அக்கா. உன் புள்ள வீட்டு வெளக்கும்தான அணைஞ்சு கெடக்கு. வாங்கிக்க, திருப்பிக் குடுக்கணும்னு நெனைக்கக் கூடாது" என்றாள். உள்ளே வந்து உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள், "டிவில ஐகானிம் சொன்னாளே, அந்த ஜெலு எங்க வரைக்கும் வந்துருக்காம்?" குத்தலே இல்லை அந்தக் குரலில். ரயில் எந்த ஸ்டேஷன் தாண்டியது என்று கேட்பதுபோல் கேட்டாள். நான் டீ ஊற்ற எழுந்துவிட்டேன்.

நீ ஃபோனில் சொன்ன காரணத்தையும் யோசித்துப் பார்த்தேன், யோசிக்காமல் இல்லை. மூடுகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு நிலையத்தைப் பாழாக விட்டோம் என்று கோர்ட்டில் ஒரு அதிகாரியே சொன்னால், இங்கே கரி முதலாளிகள் பார்த்தீர்களா அந்த வாக்குதான் ஆளைக் கொன்றது என்று குதிப்பார்கள், அங்கே கொடுக்க மனமில்லாதவர்கள் இவர்களுக்குக் கொடுத்து என்ன பிரயோஜனம் என்று பையை மூடிக்கொள்வார்கள், கோடையில் நடக்கிற பேச்சு வார்த்தையில் நம் நாட்டுக்கு வாயே இருக்காது என்றாய். அவர்கள் தருவதும் பெரும்பாலும் கடன்தான், வட்டியோடு, அதையும் ஜெலு என்று நீ எப்படிச் சொன்னாய் என்று எனக்கு அப்போதே கேட்கத் தோன்றியது. இருந்தாலும் நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். எர்தோஸுக்கும் தெரிகிறது. வக்கீலிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான், அக்காவை இழுக்காதீர்கள், அவள் அந்தப் பேச்சு வார்த்தை மேசையில் உட்கார்ந்திருப்பதுதான் நம்மால் ஆன ஒரே நல்ல காரியம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. என்னத்தைப் பார்த்துக்கொள்வான், கட்டுப் போட்ட கையோடு. இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்கு நாடு, ஒருவனுக்குச் சிறை என்று பங்கு வைத்துக்கொடுத்த தாய் வேறு யாராவது இருக்கிறாளா தெரியவில்லை. அதை நானே விழுங்கிக்கொள்கிறேன், அதற்காக உன்னை வா என்று சொல்லவில்லை.

வா என்று சொல்வது வேறு ஒன்றுக்காக. விசாரணைக்காரர்கள் பிபிசாராவிடம் எர்தோஸ் மேல் புகாரில் கையெழுத்துக் கேட்டார்கள், அவள் போட மறுத்துவிட்டாள். மறுத்ததோடு நிற்கவில்லை, நானே கோர்ட்டுக்கு வந்து சொல்கிறேன் என்றிருக்கிறாள். என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். அந்தப் பையன் அடுப்பை விற்க வேண்டாம் என்று வாசலில் நின்று மன்றாடினான், நாங்கள்தான் கேட்கவில்லை, இந்த வருஷம் ஜெலு வருகிறது என்று அரசாங்கமே டிவியில் சொன்னதால் விற்றோம், அதைச் சொல்லப்போகிறேன் என்றாள். எர்தோஸை அது காப்பாற்றும் என்று நம்புகிறாள். நான் வக்கீலிடம் சொன்னேன், அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் அதைச் சொன்னதும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து என்ன சொல்வார் தெரியுமா, அம்மா, அந்த ஜெலு இந்த ஜெலு இல்லை, அது வெளிநாட்டு உதவி, நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டு அடுப்பை விற்றால் அதற்கு யார் பொறுப்பு என்பார். அந்தக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால்தான் அவளுக்கு முதன்முதலாகத் தெரியவரும், தன் புருஷன் செத்தது ஒரு வார்த்தையைத் தப்பாகக் காதில் வாங்கியதால் என்று. அடுப்பை விற்கலாம் என்று முதலில் சொன்னது அவள்தான், அவருடைய முதுகு வலிக்காக. அது உனக்குத் தெரியாது.

ஊரில் சிலர் இப்போது புரிந்துகொண்டுவிட்டார்கள், ஆனால் அவளிடம் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. நானும் இரண்டு தடவை வாயெடுத்தேன், அவள் கொடுத்த கரியில் காய்ந்துகொண்டே அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. தவிர, நான் சொன்னால் அவள் கேட்டது தப்பு என்று ஆகும். நீ சொன்னால்தான் சொன்னது தப்பு என்று ஆகும். எந்த மேடையிலும் சொல்ல வேண்டாம், கோர்ட்டுக்குள் கால் வைக்க வேண்டாம், உன் பேச்சு வார்த்தை உன்னோடு இருக்கட்டும். நவ்ரிஸுக்கு முன்னால் ஒரு நாள் வந்து அவள் முன்னறையில் உட்கார்ந்து, அத்தை, குளிரில் இருக்கிறவர்களைப் பார்த்து நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்லு. அதற்குப் பிறகு கோர்ட்டில் அவர்கள் என்ன சொன்னாலும் அது அவள் காதில் இரண்டாவதாகத்தான் விழும்.

கடவுள் உனக்கு நல்ல வழியைத் திறக்கட்டும், உன் மேல் பனியும் பழியும் படியாமல் இருக்கட்டும், நீ எழுதுகிற வார்த்தைகள் யாருக்கும் கெடுதல் செய்யாமல் இருக்கட்டும். கம்பளிக் காலுறை இல்லாமல் கிளம்பாதே. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், சாவு விழுந்த ஊருக்குத் திரும்புகிறவர்கள் தங்கள் வீட்டு வாசலை முதலில் மிதிப்பதில்லை. ரயிலடியிலிருந்து நேரே பிபிசாரா வீட்டுக்குப் போ. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி ஜன்னலோரம் நிற்பேன், நீ அங்கிருந்து வெளியே வந்த பிறகு கதவைத் திறக்கிறேன்.

உன்னைப் பெற்றவள்,
ஸௌரேஷ்